ஓஜியா: வண்ணக் கெண்டை பிறந்த பனிமலை ஊர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹோட்டல் முகப்புக் குளத்திலோ கடைத் தொட்டியிலோ சிவப்பும் வெள்ளையுமாக நீந்தும் கோய் மீனை எல்லோரும் பார்த்திருப்போம். ஜப்பானிய அரண்மனைத் தோட்டத்தில் பிறந்த மீன் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதை வளர்த்தெடுத்தவர்கள், மலைச்சரிவில் படிப்படியாக நெல் நட்டு, குளிர்காலம் முழுக்கப் பனிக்குள் அடைந்து கிடந்த விவசாயிகள். அவர்களுடைய ஊர்களில் முக்கியமான ஒன்று ஓஜியா. அந்த ஊரையும் அதன் மீனையும் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஓஜியா எங்கே இருக்கிறது?

ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷூவில், நீகாட்டா மாகாணத்தின் நடுப்பகுதியில். 367 கிலோமீட்டர் ஓடும் ஷினானோ ஆறு, ஜப்பானின் மிக நீளமான ஆறு, இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. மக்கள் தொகை 30,000-த்துச் சொச்சம், அவ்வளவுதான். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் ரயிலில் நாகவோகா வரை சுமார் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் இன்னும் 20 நிமிடம். ஆற்றுக்குக் கிழக்கே எழும் ஹிகாஷியாமா குன்றுகளில்தான் மீன் குளங்கள் அதிகம்.

கோய், நிஷிகிகோய் – இரண்டும் ஒன்றா?

ஜப்பானிய மொழியில் கோய் என்றால் வெறும் கெண்டை. நம் மீன்வளத் துறைக்காரர்கள் சாதாக்கெண்டை என்று சொல்கிறார்களே, அதே மீன்தான். சாப்பாட்டுக்கு வளர்க்கும் கறுத்த கெண்டையும் அங்கே கோய்தான். நிறமுள்ள அலங்கார மீனுக்குப் பெயர் நிஷிகிகோய். நிஷிகி என்பது பல நிற நூல்களால் பூ வேலை செய்த பட்டுத் துணி. ஆக, பட்டுக்கெண்டை என்று சொல்லிக்கொள்ளலாம்.

முதலில் அதற்கு இந்தப் பெயர் இல்லை. இரோகோய் என்றார்கள், நிறக்கெண்டை என்று பொருள். ஆனால் இரோ என்ற சொல்லுக்குக் காமம் என்றும் ஒரு பொருள் உண்டு. கோய் என்ற ஒலிக்குக் காதல் என்றும் பொருள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் கேட்பவர்களுக்குச் சங்கடமாக இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் நிஷிகிகோய் என்ற பெயர் நிலைத்தது.

நெல் விவசாயிகள் ஏன் மீன் வளர்த்தார்கள்?

பசிக்குத்தான். இந்த மலைகளில் இரண்டு மூன்று மீட்டர் பனி நிற்பது சாதாரணம். பழைய நாளில் டிசம்பரில் பாதை மூடினால் வசந்தத்தில்தான் திறக்கும். கடல் மீன் மேலே வந்து சேராது. நெல் இருந்தது, காய்கறியை உப்பிட்டு வைத்திருந்தார்கள், ஆனால் உடம்புக்குச் சத்தாக வேறு ஏதாவது வேண்டுமே. படிக்கட்டு வயல்களுக்கு மேலே, உருகும் பனிநீரைத் தேக்கிவைக்கும் சிறு குளங்கள் இருந்தன. அவற்றில் கெண்டைக் குஞ்சுகளை விட்டார்கள். இலையுதிர் காலத்தில் பிடித்து, வீட்டை ஒட்டிய சிறு குளத்தில் போட்டுவைத்துக் குளிர்காலத்தில் சமைத்துச் சாப்பிட்டார்கள்.

1804 முதல் 1830 வரையிலான காலத்தில், இந்தக் கறுப்புக் கெண்டைகளுக்கு நடுவே சிவப்புத் திட்டோடும் வெளிறிய நிறத்தோடும் சில குஞ்சுகள் தலைகாட்டின. இது மாயம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னக் குளம், அதில் ஒருசில தாய் மீன்கள், வெளியிலிருந்து புது மீன் வருவது குறைவு. இப்படி நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகும்போது, மரபணுவில் மறைந்திருக்கும் குணங்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அடுத்ததுதான். ஒரு விவசாயி அந்தச் சிவப்புக் குஞ்சைப் பார்த்து, இதைச் சமைக்க வேண்டாம், இருக்கட்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார். அதற்கு ஜோடி தேடியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரும் செய்திருக்கிறார். குளிர்காலத்துக்கு எண்ணி வைத்த உணவிலிருந்து ஒரு மீனை அழகுக்காக எடுத்துவைப்பது சின்ன விஷயமே இல்லை. அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

எல்லாம் ஓஜியாவில்தான் நடந்ததா? யமகோஷி என்றும் சொல்கிறார்களே?

இரண்டும் சரி. அந்த மலைப்பகுதி முழுவதையும் சேர்த்து நிஜூமுராகோ, அதாவது இருபது ஊர் நாடு என்று அழைத்தார்கள். ஒரு பகுதி இன்று ஓஜியாவில் இருக்கிறது, இன்னொரு பகுதி பழைய யமகோஷி கிராமம். அந்தக் கிராமம் 2005-ல் நாகவோகா நகரத்தோடு இணைந்துவிட்டது. நிர்வாக எல்லையைத்தான் மனிதர்கள் போட்டார்கள். மீனும் தண்ணீரும் பனியும் ஒன்றுதான். யார் முதலில் என்று சண்டை போடுவதைவிட, பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒன்றின் மீனை இன்னொன்று வாங்கி வளர்த்ததால்தான் இத்தனை வகை வந்தது என்று பார்ப்பது நியாயம்.

வெளியுலகுக்கு எப்போது தெரிந்தது?

1914-ல். அந்த ஆண்டு டோக்கியோவின் உவேனோ பூங்காவில் பெரிய பொருட்காட்சி ஒன்று நடந்தது. மலைக்காரர்கள் தங்கள் மீன்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். தலைநகரமே வியந்தது, அதற்குப் பிறகு ஊருக்கு வியாபாரிகள் வர ஆரம்பித்தார்கள். வெளிநாட்டுக்குப் பெரிய அளவில் போனது அதற்கும் வெகு காலம் கழித்து, பிளாஸ்டிக் பையும் ஆக்சிஜனும் விமானமும் சேர்ந்த பிறகு. 1970-ல் ஜப்பானிய அரசு நெல் பரப்பைக் குறைக்கும் திட்டம் கொண்டுவந்தபோது, பல மலை வயல்கள் மீன் குளங்களாக மாறின.

எத்தனை வகை? எப்படி அடையாளம் கண்டுகொள்வது?

நிறைய வகைகள் உண்டு. மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் பார்க்கப் பார்க்கப் பழகிவிடும்.

கோஹாகு: வெள்ளை உடம்பில் சிவப்பு. வேறு நிறமே கிடையாது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓஜியாப் பக்கம் உருத் திரண்டது. பார்க்க எளிமையாக இருக்கும், வளர்ப்பவரைக் கேட்டால் இதுதான் மிகக் கடினம் என்பார். மறைக்க வேறு நிறம் இல்லை. வெள்ளை பால் மாதிரி இருக்க வேண்டும், சிவப்பின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்க வேண்டும். கோஹாகுவில் தொடங்கி கோஹாகுவில் முடியும் என்று கோய் ரசிகர்களிடையே ஒரு சொலவடையே உண்டு.

தைஷோ சன்கே: வெள்ளையும் சிவப்பும், அவற்றின் மேல் கறுப்புப் பொட்டுகள். 1910-களில் நிலைபெற்றது. ஷோவா: கறுப்பு, சிவப்பு, வெள்ளை மூன்றும் இருக்கும், ஆனால் அடிப்படை கறுப்பு. 1927-ல் உருவாக்கினார்கள். இவை இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. தலையைப் பாருங்கள். தலையில் கறுப்பு ஏறியிருந்தால் பெரும்பாலும் ஷோவா; தலை சுத்தமாக இருந்து முதுகில் மட்டும் கறுப்புப் பொட்டுகள் இருந்தால் சன்கே. பக்கத் துடுப்பு உடம்போடு சேரும் இடத்தில் கறுப்பு திரண்டிருந்தாலும் ஷோவாதான்.

இவை தவிர, உடம்பு முழுக்கப் பொன்னாக மின்னும் ஓகோன், நெற்றியில் மட்டும் ஒரே ஒரு சிவப்பு வட்டம் உள்ள தன்ச்சோ, நீலச் சாம்பல் வலை போட்டது போன்ற அசாகி என்று பட்டியல் நீளும். தன்ச்சோ என்பது தலையில் சிவப்பு உள்ள ஜப்பானியக் கொக்கின் பெயர். அவர்கள் கொடியும் நினைவுக்கு வருவதால் அந்த மீன் மேல் தனிப் பிரியம்.

ஒரு மீன் பண்ணையில் ஒரு வருடம் எப்படிப் போகும்?

பனி உருகியதும் குளத்து வேலை தொடங்கும். குளத்தை வற்றவைத்து, சுண்ணாம்பு போட்டு, கோழி எரு இட்டு, மறுபடி தண்ணீர் கட்டுவார்கள். எருவால் தண்ணீர் பச்சை பிடிக்கும், பின்னாலேயே டாஃப்னியா என்ற நுண்ணிய நீர்ப்பூச்சி பெருகும். குஞ்சுக்கு முதல் தீனி அதுதான். பூச்சி பெருகும் நாளும் குஞ்சு பொரியும் நாளும் ஒத்துப்போக வேண்டும். ஒரு சில நாள் தப்பினாலும் குஞ்சு பட்டினியாகிவிடும். இல்லையென்றால் பூச்சி பெரிதாகிக் குஞ்சின் வாய்க்குள் நுழையாது.

மே, ஜூன் மாதங்களில் முட்டையிட வைப்பார்கள். நல்ல தாய் மீன் ஒன்று சில லட்சம் முட்டை இடும். நான்கைந்து நாளில் பொரிந்துவிடும். அதன் பிறகு கோடை முழுக்கத் தரம் பிரிக்கிற வேலை. ஷோவா குஞ்சுகளை மட்டும் பொரிந்த சில நாட்களிலேயே பிரித்துவிடலாம்; கறுப்பாக இருப்பதை வைத்துக்கொண்டு வெளிறியதைக் கழிப்பார்கள். கண்ணுக்குத் தூசி போலத் தெரியும் குஞ்சுகளை வெள்ளைக் கிண்ணத்தில் விட்டு, குனிந்தபடி மணிக்கணக்கில் பிரிக்க வேண்டும். கோஹாகுவுக்கும் சன்கேவுக்கும் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். முதல் தேர்வு, இரண்டாம் தேர்வு, மூன்றாம் தேர்வு என்று போய், நூற்றில் ஒன்றுகூட நிற்காது.

இலையுதிர் காலம்தான் ஊரின் அறுவடை. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை, கோடை முழுக்கச் சேற்றுக்குளத்தில் இருந்த பெரிய மீன்களை மேலே எடுப்பார்கள். குளத்து நீரை இறக்கி, வலையை வரிசையாகப் பிடித்து ஓரத்துக்குத் தள்ளி, மீனைக் கையால் அள்ளுவார்கள். ஜூனில் விட்டபோது எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று அந்த நிமிடத்தில்தான் தெரியும். நான்கு மாதம் கலங்கல் நீருக்குள் இருந்த மீனை யாரும் பார்த்திருக்க முடியாது. நன்றாக வரும் என்று நினைத்தது சிவப்பு உடைந்து போயிருக்கும். சுமார் என்று விட்டது ராணி மாதிரி வெளியே வரும். பிறகு குளிர்காலம் முழுவதும் கூரை போட்ட வீட்டுக்குள் சிமெண்ட் தொட்டிகளில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

ஏன் சேற்றுக்குளம்? தெளிந்த நீரில் வளர்க்கக்கூடாதா?

வளரும், ஆனால் அந்த உடற்கட்டும் தோலின் பளபளப்பும் வராது. இந்த மலைகளில் களிமண் அதிகம். குளம் கசியாது, மண்ணில் உள்ள தாதுக்கள் நீரில் இறங்கும், இயற்கைத் தீனியும் கிடைக்கும். விசாலமான இடத்தில் நீந்தி மீன் தோளகன்று வளரும். பனி உருகிய நீர் மென்மையானது. அது சிவப்புக்கு நல்லது என்பார்கள் வளர்ப்பவர்கள். கடின நீர் கறுப்பைத் தூக்கிக் காட்டும் என்பதும் அவர்களுடைய அனுபவம். சரி, தண்ணீரை மட்டும் மாற்றினால் நம் மீனும் அப்படி ஆகிவிடுமா என்றால், ஆகாது. பரம்பரை முதலில், தண்ணீர் அப்புறம்.

கழித்துவிடும் குஞ்சுகள் என்ன ஆகின்றன?

இந்தக் கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. தொடக்கத் தேர்வில் கழிபவற்றை யாரும் வளர்ப்பதில்லை. லட்சக்கணக்கான குஞ்சுகளுக்கு இடமும் தீனியும் எந்தப் பண்ணையிலும் கிடையாது. அவை சாகின்றன. பின்னால் வரும் தேர்வுகளில் கழிபவை சாதாரணக் குள மீன்களாகக் குறைந்த விலைக்கு விற்பனைக்குப் போகும். ஒரு அழகான கோயைப் பார்க்கும்போது அதன் பின்னால் இருக்கும் இந்தக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வாங்கியதை அலட்சியமாகச் சாகவிடாமல் இருக்க அது ஒரு காரணம்.

2004 நிலநடுக்கத்தில் என்ன நடந்தது?

2004 அக்டோபர் 23, சனிக்கிழமை மாலை 5:56. 6.8 அளவுள்ள நிலநடுக்கம் சரியாக இந்த மலைகளுக்கு அடியில் வந்தது. மொத்தம் 68 பேர் இறந்தார்கள். ஓஜியாவில் வீடுகள் சரிந்தன. யமகோஷிக்குப் போகும் சாலைகள் எல்லாம் மண்ணோடு போய்விட்டன. அந்தக் கிராமத்து மக்கள் சுமார் 2,200 பேரையும் ஹெலிகாப்டரில் வெளியேற்ற வேண்டியதாயிற்று. சரிந்த மலை அங்கே ஓடும் சிற்றாறு ஒன்றை அடைத்து, தேங்கிய நீரில் வீடுகள் மூழ்கின.

மீனுக்கு அது மிக மோசமான நேரம். அறுவடை பாதியில் இருந்தது. மலைமேல் குளங்களின் கரை பிளந்து தண்ணீர் ஓடிவிட்டது. தொட்டிகளுக்குக் கொண்டுவந்த மீன்களுக்கோ மின்சாரம் போனது. காற்று பம்ப் நின்றால் நெருக்கமாக இருக்கும் தொட்டியில் மீன் மூச்சு முட்டிச் செத்துவிடும். பல தலைமுறையாகக் காத்துவந்த தாய் மீன்கள் அப்படிப் போயின. ஒரு தாய் மீன் போனால் அடுத்த வருடத்துக் குஞ்சு மட்டும் போவதில்லை, தாத்தா காலத்திலிருந்து தேர்ந்தெடுத்து வந்த வரிசையே அறுந்துவிடும். பிழைத்தவற்றில் சிலவற்றை ஹெலிகாப்டரில் தூக்கி வந்தார்கள். மற்ற ஊர்ப் பண்ணைகள் தங்கள் தொட்டிகளில் இடம் கொடுத்தன.

இதற்கு ஒரு வருடம் முன்புதான், 2003-ல், கோய் ஹெர்பிஸ் வைரஸ் ஜப்பானின் கசுமிகாவுரா ஏரியில் வளர்ப்புக் கெண்டைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றிருந்தது. அடுத்தடுத்து இரண்டு அடி. யமகோஷிக்காரர்கள் ஊர் திரும்பி முடிக்க 2007 ஆனது. திரும்பியவர்களில் வயதானவர்கள் அதிகம், இளைஞர்கள் பலர் நகரத்திலேயே தங்கிவிட்டார்கள். ஆனாலும் குளங்களை மறுபடி வெட்டினார்கள். 2017-ல் நீகாட்டா மாகாணம் நிஷிகிகோயைத் தன் அலங்கார மீனாக அறிவித்தது. அதே ஆண்டு, பனிநீரில் நெல்லும் கோயும் சேர்த்து வளர்க்கும் இந்தப் பகுதியின் முறைக்கு ஜப்பானிய வேளாண் பாரம்பரியம் என்ற தகுதியும் கிடைத்தது.

கோடிக்கணக்கில் விலை என்பது உண்மையா?

உண்மை, ஆனால் அது விதிவிலக்கு. 2018-ல் ஒரு கோஹாகு 20 கோடியே 30 லட்சம் யென்னுக்கு ஏலம் போனது. ஒரு மீட்டர் நீளமுள்ள ஒன்பது வயதுப் பெண் மீன். ஓஜியாவில் வளர்ந்ததல்ல, ஹிரோஷிமாப் பண்ணை ஒன்றில் வளர்ந்தது. சின்ன மீன்களைச் சில நூறு, சில ஆயிரம் யென்னுக்கும் வாங்கலாம். உடற்கட்டு, தோலின் தரம், நிறத்தின் ஆழம், வடிவம் எல்லாம் சேர்ந்துதான் விலை. புதிதாகப் பார்ப்பவர்கள் வடிவத்தை மட்டும் பார்ப்பார்கள். பழகியவர்கள் முதலில் உடம்பைப் பார்ப்பார்கள். இன்று நன்றாக இல்லாவிட்டாலும் நாளை நன்றாக வரும் மீனுக்கு தாதேகோய் என்று பெயர். அதைக் கண்டுபிடிக்கும் கண் ஒருவருக்கு வர ஆண்டுக்கணக்காகும். ஜப்பானிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் கோயின் மதிப்பு 2022-ல் 600 கோடி யென்னைத் தாண்டியது.

226 வயது வாழ்ந்த கோய் ஒன்று இருந்ததாமே?

ஹனாக்கோ என்ற மீனைச் சொல்கிறார்கள். கிஃபு மாகாணத்தில் இருந்தது, 1977-ல் இறந்தது. செதிலில் உள்ள வளையங்களை எண்ணி அந்த வயதைச் சொன்னார்கள். நான் நம்பவில்லை, வயதான மீனின் செதிலில் வளையங்களைச் சரியாக எண்ணுவது கடினம், பல ஆராய்ச்சியாளர்களுக்கும் சந்தேகம் உண்டு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30, 40 வருடம் வாழும். அதுவே பெரிய விஷயம் இல்லையா?

நம் வீட்டில் வளர்க்கலாமா?

குளம் இருந்தால் வளர்க்கலாம், கண்ணாடித் தொட்டியில் வேண்டாம். கடையில் விரல் நீளத்தில் இருக்கும் மீன் 60, 70 சென்டிமீட்டர் வரை போகும். சில ஆயிரம் லிட்டர் நீர், நாலடி ஆழம், கழிவை வாங்கும் நல்ல வடிகட்டி, ஓயாத காற்று வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் நீக்கிவிட்டுத்தான் விட வேண்டும். நம் வெயிலுக்கு நிழல் கட்டாயம். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும். வளர்க்க முடியாமல் போனால் ஏரியிலோ ஆற்றிலோ கொண்டுபோய் விடாதீர்கள். கெண்டை அடிமண்ணைக் கிளறி நீரைக் கலக்கி, அங்கே ஏற்கெனவே இருக்கும் மீன்களின் பிழைப்பைக் கெடுத்துவிடும்.

ஊரில் மீனைத் தவிர வேறு என்ன?

பனியும் ராமி என்ற செடியின் நாரும் சேர்ந்த துணி ஒன்று இருக்கிறது: ஓஜியா சிஜிமி. நெய்த துணியைப் பனிமேல் விரித்து வெயிலில் வெளுக்க வைப்பார்கள். 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்த நெசவில் நூலுக்குக் கஞ்சி போட ஃபுனோரி என்ற கடற்பாசியைப் பயன்படுத்தினார்கள். அதே பாசியை மாவில் சேர்த்துப் பிசைந்ததுதான் ஹெகி சோபா என்ற ஊர் நூடுல்ஸ். மரத்தட்டில் சின்னச் சின்னச் சுருளாக அடுக்கித் தருவார்கள். காளைச் சண்டையும் உண்டு. அங்கே வெற்றி தோல்வி அறிவிப்பதில்லை. சூடேறும் நேரத்தில் ஆட்கள் உள்ளே புகுந்து பிரித்துவிடுவார்கள். செப்டம்பர் 9, 10 தேதிகளில் கதகாய் பகுதியில் 420 கிலோ எடையுள்ள வாணத்தை வானத்துக்கு ஏற்றுகிறார்கள்.

எப்போது போனால் நல்லது?

மீனுக்காகவே போவதென்றால் அக்டோபர். உலகம் முழுவதிலிருந்தும் வாங்குபவர்கள் வந்து குளக்கரையில் நிற்கும் மாதம் அது. பண்ணைக்குள் நுழையுமுன் அனுமதி கேளுங்கள், தொட்டி நீரில் கை விடாதீர்கள். நோய் அப்படித்தான் பரவும். மற்ற மாதங்களில், ஊருக்குள் இருக்கும் நிஷிகிகோய் நோ சாதோ என்ற காட்சியகத்துக்குப் போகலாம். உள்ளே தொட்டிகளும் வெளியே தோட்டத்துக் குளமும் உண்டு. பனி கொட்டும்போதும் உள்தொட்டியில் பெரிய மீன்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.